நள்ளிரவு மணியோசை ஏன் அவ்வளவு தெளிவாகக் கேட்டது? பழஞ்சீனக் கவிதைகளுக்குள் இருக்கும் அறிவியல்

817ஆம் ஆண்டு, சீன நாட்காட்டியில் நான்காம் மாதம், ஒன்பதாம் நாள். கோடை பிறந்துவிட்டது. பாய் ஜூயி என்ற கவிஞர் 17 பேர் கொண்ட குழுவோடு லூஷான் மலை ஏறுகிறார். தலைநகரில் செல்வாக்கோடு இருந்தவர். 815இல் அரசவையின் கோபத்துக்கு ஆளாகி, யாங்சி ஆற்றங்கரையில் இருந்த ஜியாங்ஜோவுக்கு ஒரு சிறு பதவியில் அனுப்பப்பட்டவர். இன்று அந்த ஊரின் பெயர் ஜியுஜியாங். ஊரில் பூவெல்லாம் உதிர்ந்து முடிந்த நேரம் அது. மேலே தாலின் கோயிலை அடைந்தால், அங்கே பீச் மரங்கள் அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருக்கின்றன.

மனிதர் வாழும் நிலத்தில் நான்காம் மாதம், மலர்களின் மணம் ஓய்ந்தது;
மலைக்கோயில் பீச் மலர் இப்போதுதான் பூத்துக் குலுங்குகிறது.
வசந்தம் போன இடம் தெரியவில்லையே என்று நெடுநாள் வருந்தினேன்;
இங்கே வந்து புகுந்துகொண்டதை அறியாமல் போனேன்.

சீன மூலத்தில் இது நான்கு வரி, வரிக்கு ஏழு எழுத்து, மொத்தம் 28 எழுத்துதான். (இங்கே வரும் தமிழ் வரிகளெல்லாம் பொருளைச் சொல்ல நான் எழுதியவை. மூலத்தின் ஓசை இவற்றில் வராது.) அன்றைய பயணத்தைப் பற்றி அவர் உரைநடையிலும் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். மலை உயரம், பருவம் மிகவும் பிந்தி வருகிறது, கோடையின் முதல் மாதமே முதல் இரண்டு மாதங்களைப் போல இருக்கிறது, பேரியும் பீச்சும் இப்போதுதான் பூக்கின்றன, ஓடைக்கரைப் புல் இன்னும் குட்டையாகவே நிற்கிறது, சமவெளி ஊர்களின் காலநிலை வேறு, இதன் காலநிலை வேறு என்கிறார். கவிதையில் ‘வசந்தம் இங்கே வந்து ஒளிந்துகொண்டது’ என்று சொன்ன அதே மனிதர், குறிப்பில் புல்லின் உயரத்தைக் கவனித்து எழுதுகிறார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

இனி இதற்குப் பின்னால் உள்ள அறிவியலைப் பார்ப்போம். மலை உச்சி சூரியனுக்கு இன்னும் பக்கம்தானே, அங்கே சூடு கூடத்தானே வேண்டும்? குழந்தைகள் கேட்கும் கேள்வி இது. பெரியவர்களும் பதில் சொல்லத் தடுமாறுவார்கள். சூரியன் ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறுவதால் அதில் ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. வெயில் காற்றைப் பெரிதாகச் சூடாக்காமல் ஊடுருவி வந்து தரையைச் சூடாக்குகிறது. தரைதான் அதை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழுகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைவு, அதனால் அது விரிகிறது. விரிவதற்குத் தன்னிடம் இருக்கும் வெப்பத்தைத்தான் செலவு செய்கிறது, ஆகவே குளிர்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அமுக்கினால் காற்று சூடாகும். அதே டயரின் வால்வை அழுத்திக் காற்றை வெளியே விட்டால் விரலில் சில்லென்று படும். விரிந்தால் காற்று குளிரும். மலைமேல் நடப்பது இந்த இரண்டாவது வேலை.

சராசரியாக 100 மீட்டர் ஏறினால் 0.6 டிகிரி செல்சியஸ் குறையும். தாலின் கோயில் இருந்த இடம் சுமார் 1100 மீட்டர் உயரம், கீழே ஆற்றங்கரையோ கடல்மட்டத்திலிருந்து கொஞ்சம்தான் மேலே. ஆக, ஊருக்கும் கோயிலுக்கும் இடையே ஆறு டிகிரிக்கு மேல் வித்தியாசம். பீச் மரம் குளிர்காலத் தூக்கம் கலைந்து பூக்க வேண்டுமானால், போதிய அளவு கதகதப்பு நாள்கணக்கில் சேர வேண்டும். மேலே அது மெல்லத்தான் சேரும், பூவும் பிந்தும்.

எவ்வளவு பிந்தும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர் ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் 1918இல் ஒரு விதியை வெளியிட்டார். வசந்த காலத்தில் 400 அடி உயரத்துக்கு நான்கு நாள் வீதம் பருவம் பிந்தும் என்பது அதன் ஒரு பகுதி. அது வட அமெரிக்காவின் மிதவெப்பப் பகுதிக்குச் சொன்ன கணக்கு, சீன மலைக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. இருந்தாலும் போட்டுப் பார்க்கலாம். 1100 மீட்டர் என்றால் 3600 அடி. 400க்கு நான்கு நாள் என்றால் 36 நாள். ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூட. பாய் ஜூயி தன் மனவலியோடு மலையேறிக் கண்டது ஏறக்குறைய அதே ஒரு மாதத்தைத்தான் என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

கவிதை அத்தோடு நிற்கவில்லை. இரண்டரை நூற்றாண்டு கழித்து, சோங் வம்சக் காலத்தில் ஷென் குவோ (1031–1095) என்ற பேரறிஞர் தம் ‘கனவோடைக் கட்டுரைகள்’ நூலில் இதே வரிகளைச் சான்றாக எடுத்து வைத்தார். அவர் பேசிக்கொண்டிருந்தது கவிதையைப் பற்றி அல்ல, மூலிகை பறிப்பதைப் பற்றி. மூலிகைகளை இரண்டாம் மாதமும் எட்டாம் மாதமும்தான் பறிக்க வேண்டும் என்று பழைய மருத்துவ நூல்கள் விதித்திருந்தன. அது பொருந்தாது என்றார் ஷென் குவோ. சமவெளியில் மூன்றாம் மாதம் பூப்பது ஆழ்ந்த மலையில் நான்காம் மாதம்தான் பூக்கும், பாய் ஜூயி சொன்னது இயல்பான நியதியே, நிலத்தின் உயர்வு தாழ்வால் வரும் வேறுபாடு அது என்று எழுதினார். தெற்கே பீச்சும் பிளம்மும் குளிர்காலத்திலேயே காய்க்கின்றன, வடபாலையில் அவை கோடையில்தான் பூக்கின்றன, ஒரே வயலில்கூட எருவும் நீரும் பெற்ற பயிர் முந்தி முளைக்கிறது என்றும் அடுக்கினார். உயரம், நிலநேர்க்கோடு, வளம் என்று இன்றைய தாவரப் பருவவியல் பிரித்துப் பேசும் காரணிகளில் மூன்று, அந்த ஒரே கட்டுரையில் வந்துவிட்டன. அதற்கு ஒரு கவிதை சாட்சி சொன்னது.

இந்த ‘சாட்சி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற கவிதைகளையும் படிக்கலாம் என்று நினைக்கிறேன். பழங்காலத்தவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று காட்ட ஒவ்வொரு வரிக்குள்ளும் ஒரு விதியைத் திணிப்பது கவிதைக்கும் கேடு, அறிவியலுக்கும் கேடு. பாய் ஜூயிக்கு வளிமண்டல இயற்பியல் தெரியாது. கண்டதைக் கண்டபடி சொல்லத் தெரியும்.

படகில் படுத்துக்கொண்டு வானம் பார்த்த ஒருவரின் சாட்சியம் அடுத்தது. சென் யூயி (1090–1139), சோங் காலக் கவிஞர். இன்றைய ஹெனான் மாகாணத்தில் உள்ள ஷியாங்யி வழியாக ஆற்றில் போகும்போது எழுதியது:

இரு கரையிலும் பறக்கும் பூக்கள் படகையே சிவப்பாக்குகின்றன;
நூறு லீ நீளும் எல்ம் மரக்கரையை அரை நாள் காற்றில் கடந்தாயிற்று.
மல்லாந்து பார்க்கிறேன், வானம் நிறைய மேகம், அசையவே இல்லை;
மேகமும் நானும் சேர்ந்தே கிழக்கே போவது தெரியாமல் கிடந்திருக்கிறேன்.

பள்ளியில் சார்பியக்கம் என்று ஒரு பாடம் வரும். பல பக்கங்களில் அது சொல்வதை இந்தக் கடைசி இரண்டு வரி சொல்லிவிடுகிறது. ஒரு பொருள் நகர்கிறதா, நிற்கிறதா என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது. எதை வைத்துப் பார்க்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில். கரையை வைத்துப் பார்த்தால் படகு ஓடுகிறது, மேகமும் ஓடுகிறது. படகை வைத்துப் பார்த்தால் மேகம் நிற்கிறது. ஒரே காற்று இரண்டையும் ஒரே திசையில் தள்ளுவதால் இடையிலுள்ள வேக வித்தியாசம் சுருங்கிவிட்டது. இரண்டின் வேகமும் துல்லியமாகச் சமமாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஓரளவு நெருங்கினாலே, படுத்துக் கிடப்பவனின் கண் அந்த அசைவை விட்டுவிடும். ரயில் நிலையத்தில் பக்கத்துத் தண்டவாளத்து ரயில் கிளம்பும்போது நம் ரயில்தான் கிளம்பிவிட்டது என்று ஒரு கணம் ஏமாறுவோமே, அதே சங்கதி. நிமிர்ந்து பிளாட்பாரத் தூணைப் பார்த்த பிறகுதான் தெளிவு வரும். சென் யூயிக்குத் தூணாக இருந்தவை கரையோர எல்ம் மரங்கள். நூறு லீ என்பது ஏறக்குறைய 50 கிலோமீட்டர், அரை நாளில் கடந்தார் என்றால் நல்ல காற்றுதான்.

இதற்கும் முந்தைய ஒரு பாட்டு துன்ஹுவாங் குகைச் சுவடிகளில் கிடைத்தது. அந்தச் சுவடி அறை 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டு 1900இல்தான் திறந்தது. பாடியவர் பெயர் இல்லை. கண் நிறைய அலைகள் மின்னுகின்றன, மலை நம்மை எதிர்கொண்டு வரவேற்க நடந்து வருவதுபோல் இருக்கிறது, உற்றுப் பார்த்தால் மலை அசையவில்லை, ‘போவது படகுதான்’ என்று முடியும். அந்தப் படகுக்காரர் முதலில் தன்னை நிலையாக வைத்துக்கொண்டு மலையை ஓட்டுகிறார், பிறகு மலையை நிலையாக வைத்துப் படகை ஓட்டுகிறார். பார்வைச் சட்டத்தை மாற்றுவது என்று இயற்பியலில் சொல்வதும் இதையே.

ஹான் வம்சக் காலத்து (கி.மு. 206 – கி.பி. 220) நூல் ஒன்றில் இன்னும் வியப்பான வாக்கியம் ஒன்று உண்டு: ‘பூமி ஓயாமல் அசைகிறது, மனிதருக்குத் தெரிவதில்லை. பெரிய படகில் சன்னல்களை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்குப் படகு போவது தெரியாததைப் போல.’ கலிலியோ 1632இல் கப்பலின் கீழறையில் ஒருவனை உட்கார வைத்துச் சொன்ன உவமை நினைவுக்கு வரும். ஆனால் கவனம் வேண்டும். ஹான் நூல் பேசிய பூமியின் அசைவு பருவத்துக்கு ஏற்ப இடம் பெயர்வது, சூரியனைச் சுற்றுவது அல்ல. கலிலியோ அந்த உவமையிலிருந்து இயக்க விதிகளை நோக்கி நடந்தார். ஹான் நூலின் உவமை உவமையாகவே நின்றது.

இந்தக் கட்டுரைக்குத் தலைப்புத் தந்த கவிதைக்கு வருகிறேன். சீனாவிலும் ஜப்பானிலும் இதைத் தெரியாதவர் அரிது. எழுதியவர் 8ஆம் நூற்றாண்டின் ஜாங் ஜி. இடம் சூஜோ நகரத்துக்கு வெளியே உள்ள மேப்பிள் பாலம். நகரின் பழைய பெயர் கூசூ.

நிலா மறைந்தது, காகம் கரைகிறது, வானெங்கும் உறைபனி;
ஆற்றோர மேப்பிள், மீனவர் விளக்கு, எதிரே கவலையோடு கண்ணயரும் நான்.
கூசூ நகருக்கு வெளியே ஹான்ஷான் கோயிலிலிருந்து
நள்ளிரவு மணியோசை பயணியின் படகுக்கு வந்து சேர்கிறது.

முதலில் மணி. பகலில் தரை சூடாக இருக்கும், தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடச் சூடு. ஒலி சூடான காற்றில் சற்று வேகமாகப் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் விநாடிக்கு 0.6 மீட்டர் வீதம் வேகம் கூடும். அலையின் அடிப்பகுதி முந்தி, மேற்பகுதி பிந்தினால் என்ன ஆகும்? மாட்டுவண்டியில் ஒரு பக்க மாடு வேகமாக இழுத்து மறுபக்க மாடு மெதுவாக நடந்தால், வண்டி மெதுவாக நடக்கும் மாட்டின் பக்கம் திரும்பும் அல்லவா, அப்படி ஒலி மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடும். இரவில் நிலை தலைகீழ். தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே உள்ள காற்று ஒப்பீட்டளவில் கதகதப்பாக இருக்கும். இப்போது அலையின் மேற்பகுதி முந்துகிறது, ஒலி கீழ்நோக்கி வளைகிறது. வானத்துக்குப் போயிருக்க வேண்டிய ஓசையும் நம் காதுக்கே திரும்பி வருகிறது. ஊர் அடங்கிய நேரம் என்பதால் அதை மூழ்கடிக்க வேறு சத்தமும் இல்லை. கோயிலும் பாலமும் அருகருகேதான், பகலிலும் மணி கேட்டிருக்கும். இரவில் கேட்ட தெளிவு வேறு.

அடுத்து உறைபனி. ‘வானெங்கும் உறைபனி’ என்கிறார். அறிவியல்படி இது தவறு. உறைபனி வானத்திலிருந்து இறங்குவதில்லை. ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போல, குளிர்ந்த இலையின்மேல், புல்லின்மேல், படகின் பலகைமேல் காற்றிலுள்ள நீராவி படிகிறது. அந்தப் பரப்பு பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால் நீராகாமல் நேரடியாகப் பனிப்படிகமாகவே ஒட்டுகிறது. ஆனால் பனி மழைபோல மேலிருந்து விழுகிறது என்றுதான் அந்தக் காலத்தில் நம்பினார்கள். சீன நாட்காட்டியில் அக்டோபர் 23, 24 வாக்கில் வரும் பருவப்பகுதிக்கு இன்றும் பெயர் ‘உறைபனி இறங்குதல்’.

மூன்றாவது நிலா. நள்ளிரவு நேரத்தில் நிலா மறைந்துவிட்டது என்றால் அது எந்த நிலா? பௌர்ணமி நிலா விடியும்வரை இருக்கும். தேய்பிறை நிலா பின்னிரவில்தான் எழும். நள்ளிரவை ஒட்டி மறைவது வளர்பிறை சப்தமி, அஷ்டமி வாக்கில் வரும் அரைநிலா. அதிலும் பின் இலையுதிர் காலத்தில் அந்த அரைநிலா தெற்கே தாழ்ந்து போவதால் நள்ளிரவுக்குச் சற்று முன்னதாகவே மறைந்துவிடும். நிலா மறைந்தது, பிறகு மணி அடித்தது என்ற வரிசை அப்படியே பொருந்துகிறது.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நிலா மறைவதைப் படகிலிருந்து பார்க்க முடிந்தது என்றால் வானில் மேகம் இல்லை. மேகம் இல்லாத, காற்றடங்கிய இரவில் தரையின் வெப்பம் தடையின்றி விண்வெளிக்குப் போய்விடும். மேகம் ஒரு கம்பளி, அன்று கம்பளி இல்லை. தரை வேகமாகக் குளிர்கிறது. அதனால் உறைபனி படிகிறது. அதே காரணத்தால் தரையோரக் காற்று குளிர்ந்து ஒலி கீழே வளைகிறது. தெரியும் நிலா, உறைபனி, தெளிவான மணியோசை எல்லாம் ஒரே தெளிந்த இரவின் விளைவுகள். மனம் கலங்கித் தூங்க முடியாமல் கிடந்த ஒருவர் தன்னைச் சுற்றி உள்ளதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். அது தனக்குள் முரண் இல்லாத வானிலைக் குறிப்பாக வந்து விழுந்திருக்கிறது. கற்பனையில் ஜோடித்திருந்தால் எங்காவது ஓர் இழை பிசகியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் சோங் காலப் பெரியவர் ஓயாங் ஷியூ (1007–1072) இந்தக் கவிதையைக் குறை சொன்னார். வரி அழகாக இருக்கிறது, ஆனால் நள்ளிரவில் யார் மணியடிப்பார்கள் என்று கேட்டார். பின்னால் வந்தவர்கள் சூஜோ பகுதிக் கோயில்களில் நள்ளிரவு மணி வழக்கம்தான் என்று எடுத்துக்காட்டினார்கள். நாம் மேலே பார்த்த பாய் ஜூயியின் வேறொரு கவிதையிலும் நள்ளிரவு மணி ஒலிக்கிறது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து, வேறு சாட்சிகளை அழைத்துச் சரிபார்க்கும் வழக்கம் அங்கே ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறது.

ஒலியைப் பற்றி இன்னும் இரண்டு கவிதைகள். வாங் வெய், 8ஆம் நூற்றாண்டு: ‘வெற்று மலை, ஆள் கண்ணில் படவில்லை, பேச்சுக்குரல் மட்டும் கேட்கிறது.’ ஆள் தெரியாமல் குரல் மட்டும் ஏன் வருகிறது? இரண்டும் அலைகள்தாம். அலை தன் நீளத்துக்கு ஒப்பான தடையைச் சுற்றி வளைந்து போகும், தன்னைவிட மிகப் பெரிய தடைக்குப் பின்னால் நிழல் விழும். மனிதக் குரலின் அலைநீளம் சில அங்குலம் முதல் இரண்டு மூன்று மீட்டர் வரை. மரத்தண்டும் பாறையும் அந்த அளவுதான், குரல் சுற்றிக்கொண்டு வந்துவிடும். ஒளியின் அலைநீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 2000இல் ஒரு பங்கு. அதற்கு ஒரு மூங்கில் குச்சியே மலை. அதே கவிதையின் அடுத்த வரிகளில் மாலைவெயில் காட்டுக்குள் நுழைந்து பாசியின்மேல் படுகிறது. உச்சிவெயிலை மேலே உள்ள இலைக்கூரை தடுத்துவிடும். சாய்ந்த வெயில் கிளைகளுக்கு அடியில் பக்கவாட்டில் புகுந்து தரைப்பாசியைத் தொடும். அந்தக் காட்டில் நின்று பார்க்காதவருக்கு அந்த வரி வராது.

சூ ஷி (1037–1101) ஏழு நரம்பு கொண்ட ‘ச்சின்’ வாத்தியத்தைப் பற்றிக் கேட்ட கேள்வி வேறு மாதிரி: ‘இசை வாத்தியத்தில் இருக்கிறது என்றால், பெட்டிக்குள் வைத்தபோது ஏன் ஒலிக்கவில்லை? இசை விரலில் இருக்கிறது என்றால், உன் விரலிலேயே காது வைத்துக் கேட்கலாமே?’ இதில் பௌத்தத் தத்துவம் இருக்கிறது. ஒன்று தனியாகத் தோன்றுவதில்லை, பல சேர்ந்தே தோன்றுகிறது என்பது. இயற்பியலும் இதே பதிலைத்தான் தரும். விரல் ஆற்றலைத் தருகிறது. நரம்பு அதிர்கிறது. ஆனால் நரம்பு மெல்லியது, காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமே தவிரத் தள்ளாது. அதிர்வு மரப்பலகைக்கு ஏறி, அகலமான பலகை காற்றைத் தள்ளும்போதுதான் நமக்குக் கேட்கிறது. ஒரு ரப்பர் பேண்டை விரல்களுக்கு இடையே இழுத்து மீட்டிப் பாருங்கள். பிறகு அதையே காலி டிபன் பாக்ஸின்மேல் மாட்டி மீட்டுங்கள். சூ ஷிக்கு உங்கள் வீட்டிலேயே பதில் சொல்லிவிடலாம்.

மழைக்கு வருவோம். இரண்டு கவிஞர்கள், ஏறக்குறைய நூறு ஆண்டு இடைவெளி, ஒரே நிலப்பகுதி. து ஃபூ 761 வசந்தத்தில் செங்து நகரில் இருந்தபடி எழுதினார்: ‘நல்ல மழைக்குப் பருவம் தெரியும், காற்றோடு சேர்ந்து இரவுக்குள் ஓசைப்படாமல் நுழைகிறது, மெல்லிதாக, சத்தமின்றி எல்லாவற்றையும் நனைக்கிறது.’ 9ஆம் நூற்றாண்டின் லி ஷாங்யின், பா மலைப்பகுதியில் தங்கியிருந்தபோது, எப்போது ஊர் திரும்புவாய் என்று கேட்ட அன்புக்கு உரியவருக்கு எழுதினார்: திரும்பும் நாள் தெரியவில்லை, ‘பா மலையின் இரவுமழையில் குளம் நிரம்புகிறது’. இருவருக்கும் இரவில்தான் மழை பெய்கிறது. தற்செயல் இல்லை. இரண்டு இடங்களும் இருக்கும் சிச்சுவான் ஒரு பெரிய கிண்ணம். சுற்றிலும் மலை, நடுவே ஈரக்காற்று. அங்கே ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் இரவில்தான் பெய்கிறது. பொழுது சாய்ந்ததும் மலைச்சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே வழிந்து, கிண்ணத்தின் அடியில் உள்ள ஈரக் கதகதப்புக் காற்றை மேலே தூக்குகிறது. அதோடு இரவில் மேகங்களின் மேற்பரப்பு வெப்பத்தை இழந்து குளிர்கிறது, அடியில் கதகதப்பு அப்படியே இருக்கிறது. மேலே கனம், கீழே லேசு என்றால் கலங்காமல் இருக்குமா? காற்று புரண்டு, மழை பிடிக்கிறது.

து ஃபூவின் ‘சத்தமின்றி’ என்ற சொல்லிலும் அளவு இருக்கிறது. அரை மில்லிமீட்டருக்கும் சிறிய தூறல் துளி, காற்றின் தடையால் விநாடிக்கு அதிகம் போனால் இரண்டு மீட்டர் வேகத்தில்தான் இறங்கும். ஐந்து மில்லிமீட்டர் துளி ஒன்பது மீட்டர் வேகத்தில் வந்து அறையும். அவர் கேட்டது, அல்லது கேட்காமல் போனது, முதல் வகை.

லி ஷாங்யின் கவிதையில் ஒரு சிறு பொருளும் இருக்கிறது. என்றாவது மேற்குச் சன்னலோரம் இருவரும் உட்கார்ந்து மெழுகுவத்தியின் திரியைச் சேர்ந்து கத்தரிப்போமா என்கிறார். திரியை ஏன் கத்தரிக்க வேண்டும்? பழைய திரி மெழுகைவிட மெதுவாக எரியும். கருகி நீண்டு சுடரின் நடுவே நின்றுகொண்டு புகையும், வெளிச்சம் மங்கும். குத்துவிளக்குத் திரியின் கருகலைத் தட்டிவிடும் வீட்டாருக்கு இது புரியும். 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் பின்னல் திரி வந்தது. அது எரியும்போது தானே வளைந்து சுடரின் ஓரத்துக்கு, ஆக்ஸிஜன் கிடைக்கும் இடத்துக்குப் போய்ச் சாம்பலாகிவிடும். கத்தரிக்கோலுக்கு வேலை போயிற்று. இரவு நெடுக இருவர் பேசிக்கொண்டிருந்ததற்கு அடையாளமாக இருந்த ஒரு செயலும் அதோடு போயிற்று.

லியூ யூஷி (772–842) யாங்சிக் கரையின் நாட்டுப்பாட்டு மெட்டில், ‘கிழக்கே வெயில், மேற்கே மழை’ என்று எழுதியிருக்கிறார். நாம் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்போம். கோடையில் வெப்பத்தால் எழும் மழைமேகம் சில கிலோமீட்டர் அகலமே இருக்கும், ஆற்றின் ஒரு கரை நனைய மறு கரை காயும். சீனத்தில் ‘வெயில்’ என்ற சொல்லும் ‘காதல்’ என்ற சொல்லும் ஒரே ஓசை. வெயில் இல்லையா, இருக்கிறதா என்று பாட்டில் வரும் பெண் கேட்பது காதலைத்தான்.

யூ சியென் (1398–1457) பெயரில் வழங்கும் சுண்ணாம்புப் பாட்டும் புகழ்பெற்றது. ஆயிரம் சம்மட்டி அடி வாங்கி மலையிலிருந்து வெளியே வந்து, தீயில் வெந்து, உடல் பொடியானாலும் அஞ்சாமல், உலகில் வெண்மையை விட்டுப் போவேன் என்று கல் பேசுகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் 900 டிகிரி வாக்கில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். மிஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டால் கொதித்துப் பொடியாகி நீறும். ‘உடல் பொடியாவது’ இந்தக் கட்டம். சுவரில் பூசிய பிறகு காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப வாங்கி மறுபடியும் கல்லாகும். நேர்மையான அதிகாரியாக வாழ்ந்து கொலைத்தண்டனை பெற்ற யூ சியெனோடு இந்தப் பாட்டு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

சாட்சி தவறும் இடமும் உண்டு. ‘வசந்தப் பட்டுப்புழு சாகும்போதுதான் நூல் தீரும்’ என்பது லி ஷாங்யினின் பெயர்பெற்ற வரி. நூல் நூற்று முடித்த புழு சாவதில்லை. கூட்டுக்குள் உருமாறி அந்துப்பூச்சியாக வெளியே வரும். பட்டுக்கே பிறப்பிடமான நாட்டில் இது தெரியாமலா இருக்கும்? சீனத்தில் ‘நூல்’ என்பதும் ‘ஏக்கம்’ என்பதும் ஒரே ஓசை. சாகும்வரை தீராத ஏக்கத்தைச் சொல்ல அவருக்குப் புழுவின் சாவு தேவைப்பட்டது. இப்படிப்பட்ட வரியைப் பூச்சியியல் குறிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த வரி கண்டது, எந்த வரி வேண்டியது என்று பிரிப்பதுதான் படிப்பவரின் வேலை.

அந்த வேலையை முறையாகச் செய்தவர் ஜூ கஜென் (1890–1974). சீனாவின் நவீன வானிலையியலுக்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர். வெப்பமானி இல்லாத நூற்றாண்டுகளின் வெப்பத்தை எப்படி அறிவது என்று தேடியவர், பழைய எழுத்துகளில் வரும் பூ, காய், பறவை, உறைந்த ஏரி ஆகியவற்றைத் திரட்டினார். 1972இல் சீனாவின் 5000 ஆண்டுக் காலநிலை மாற்றம் பற்றி வெளியிட்ட கட்டுரையில் ‘மெய்’ என்னும் சீன பிளம் மரம் முக்கியச் சான்று. கடுங்குளிர் அதற்கு ஆகாது. தாங் வம்சக் காலத்தில் (618–907) வடமேற்கே சாங்ஆன் நகரில் அது வளர்ந்தது. சோங் காலத்திலோ அந்தப் பகுதியில் மெய் இல்லை என்று சூ ஷி எழுதுகிறார். வடநாட்டார் மெய் பூவைக் கண்டதே இல்லாததால் அதை ஆப்ரிகாட் பூ என்று எண்ணிவிடுகிறார்கள் என்கிறார் அவர் காலத்து வாங் அன்ஷி. தாங் காலம் கதகதப்பு, சோங் காலம் குளிர்ச்சி என்று ஜூ கஜென் வரைந்த கோட்டில் சில பகுதிகளைப் பின்வந்த ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். கவிதையைத் தரவாக எண்ணும் வழி மட்டும் நிலைத்துவிட்டது.

2025இல் அந்த வழியில் ஓர் ஆய்வு வந்தது. யாங்சி ஆற்றில் டால்பினுக்கு நெருங்கிய உறவான ஓர் உயிர் வாழ்கிறது. முதுகில் துடுப்பில்லை, வாய் சிரிப்பதுபோல் இருக்கும். சீனப் பெயரின் பொருள் ‘ஆற்றுப் பன்றிக்குட்டி’. மூச்சு விட நீருக்கு மேலே வந்தாக வேண்டும் என்பதால் படகில் போன கவிஞர்கள் கண்ணில் அது படாமல் இருக்க முடியாது. சீன ஆய்வாளர்கள் தாங் காலம் முதல் சிங் வம்சக் காலம் (1644–1912) வரை இந்த உயிரைச் சொல்லும் 724 கவிதைகளைத் திரட்டி, கவிஞர் எங்கே இருந்தார், எந்த ஆற்றில் போனார் என்று தேடி, வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். கடந்த 1400 ஆண்டுகளில் அதன் வாழிடப் பரப்பு குறைந்தது 65 விழுக்காடு சுருங்கியிருக்கிறது என்று தெரிந்தது. கிளையாறுகளிலும் ஏரிகளிலும் இழப்பு மிகக் கடுமை. 724இல் தாங் காலக் கவிதை ஐந்துதான், சிங் காலத்தவை 477. பழையவை அழிந்துபோயிருக்கும், பிந்தியவை மிஞ்சியிருக்கும், ஆகவே எண்ணிக்கையை வைத்து உயிரின் பெருக்கத்தைச் சொல்ல முடியாது. எந்த இடத்தில் இருந்தது என்பதை மட்டும் சொல்லலாம்.

2022 கணக்கெடுப்பின்படி அப்போது 1249 மிஞ்சியிருந்தன. தாங் காலத்தின் ஷூ ஹுன், இன்றைய நான்ஜிங்கில் நின்று பாடிய கவிதையில் ‘ஆற்றுப் பன்றி அலை ஊதுகிறது, இரவில் மறுபடி காற்று’ என்று ஒரு வரி வருகிறது. இவை நீர்மேல் துள்ளினால் காற்று வரும் என்பது படகோட்டிகளின் பழைய கணிப்பு. நான்ஜிங் நகரத்துக்குள் ஓடும் யாங்சியில், பாலங்களுக்கும் சரக்குக் கப்பல்களுக்கும் இடையே, அந்தக் கரிய முதுகுகள் இன்னமும் எழுந்து மூச்சு விட்டு அமிழ்கின்றன.